மூடுபனியில் மரத்தை நடுவில் வைக்கலாமா?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பனியைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதிப்படி எடுத்த படம், பனியில் மட்டும் ஏன் சப்பென்று போகிறது?

கேள்வி: கொடைக்கானலில் பனி இறங்கிய புல்வெளியில் தனியாக நின்ற ஒரு மரத்தைப் படமெடுத்தேன். கற்றுக்கொண்டபடி, கட்டக்கோடுகள் சந்திக்கும் வலதுபுறப் புள்ளியில் மரத்தை வைத்தேன். படம் ஒருபக்கம் சாய்ந்ததுபோல் இருக்கிறது. தவறுதலாக மரம் நடுவில் விழுந்த இன்னொரு படம்தான் நன்றாக இருக்கிறது. போட்டிக்கு எதை அனுப்புவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நடுவில் விழுந்ததை அனுப்புங்கள். கை தவறியிருக்கலாம், கண் தவறவில்லை.

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் பொருளை வை என்று நீங்கள் கற்றதுதான் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி. அதை அந்தப் பெயரில் எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். ஆண்டு 1797, கேமரா வராத காலம். சந்திப்புப் புள்ளிகளைப் பற்றி அவர் பேசவில்லை. வானம் இரண்டு பங்கு என்றால் நிலம் ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு என்றால் கரை ஒரு பங்கு என்று, பெரிய பரப்புகளைப் பிரிக்கும் அளவைத்தான் சொன்னார். ஒன்பது கட்டமும் நான்கு புள்ளியும் பின்னால் வந்து சேர்ந்தவை. மூடுபனியிலோ வானமும் நிலமும் நீரும் ஒரே வெள்ளை. பங்கு போட இரண்டு பரப்பு இருந்தால்தானே அந்த விதிக்கு வேலை?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தெளிவான நாளில் மரத்தை வலப்பக்கம் வைத்தால், இடப்பக்கத்தில் ஒரு குன்றோ மேகமோ வேலியோ மேயும் மாடோ இருந்து எடையைச் சமன் செய்யும். தராசின் இரண்டு தட்டிலும் பொருள் இருக்கும். பனி இறங்கியதும் ஒரு தட்டு காலி. உங்கள் படம் சாய்ந்ததுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம். எடை ஒன்றுதான் என்றால் அதற்கு இயல்பான இடம் தராசின் முள் இருக்கும் இடம், அதாவது நடு.

நடுவில் வைப்பதானால் சரியாக நடுவில் வையுங்கள். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அடிமரம் 3000-க்கு இரண்டு பக்கமும் 60 பிக்சலுக்குள் விழவேண்டும். 200 பிக்சல் தள்ளிப்போனால் குறி தவறியதுபோல் தெரியும். இடம்–வலம் மட்டும்தான் நடு. மேல்–கீழாகவும் நடுவில் வைத்தால் மரம் அந்தரத்தில் தொங்கும். அடிமரம் தரையைத் தொடும் இடம், கீழிருந்து கால் பங்கு உயரத்தில் இருக்கட்டும். சதுரமாக வெட்டிப் பாருங்கள். நடுவில் நிற்கும் ஒற்றை மரத்துக்குச் சதுரம் பெரும்பாலும் பொருந்திவிடும்.

மரத்தை ஓரத்துக்குக் கொண்டுபோகவே கூடாதா? கொண்டுபோகலாம், இரண்டு நிலைகளில். ஒன்று, மறுபக்கத்தில் மங்கலாகவேனும் இன்னொரு பொருள் இருக்கும்போது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் இரண்டாவது மரம் ஒன்றே போதும், தட்டு சமமாகிவிடும். இரண்டாவது, வெறுமையையே படமாக்க நினைக்கும்போது. அப்போது மூன்றில் ஒரு பங்கில் நிற்காதீர்கள். இன்னும் தள்ளிப் போங்கள். 6000 பிக்சல் அகலத்தில் மரம் ஓரத்திலிருந்து 700 பிக்சலில் நிற்கட்டும். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹசெகவா தோஹாகுவின் பைன்மரத் திரைகளில் பெரும்பகுதி வெறும் காகிதம்தான். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த அந்த ஓவியத்தில் காகிதமே பனியாக நிற்கிறது. விதியைப் பாதி மீறினால் பிழைபோல் தெரியும். முழுவதும் மீறினால்தான் எடுத்தவரின் எண்ணம் புரியும்.

அடுத்த முறை ட்ரைபாடை நகர்த்தாமல் நான்கு ஃபிரேம் எடுங்கள்: நடு, மூன்றில் ஒரு பங்கு, ஓரம், கீழ்விளிம்பு. வீட்டுக்கு வந்து நான்கையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த அளவில் இலையும் கிளையும் மறைந்து எடை மட்டும்தான் மிஞ்சும். எது நிற்கிறது, எது சாய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: வைட் லென்ஸில் முன்னால் ஒரு பாறையோ பூச்செடியோ வைத்தால்தான் ஆழம் வரும் என்கிறார்கள். வால்பாறையில் 16 மி.மீ.-இல் அப்படி எடுத்ததில் பாறை கன்னங்கரேல் என்று இருக்கிறது, பின்னால் எல்லாம் வெளிறிவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாறையை விட்டிருக்க வேண்டும். முன்பொருள் வைக்கும் விதி எதற்காக வந்தது? தட்டையான படத்தில் அருகு, தொலைவு என்ற உணர்வைக் கொண்டுவர. மூடுபனி அந்த வேலையைத் தானே செய்கிறது, அதுவும் இன்னும் நேர்த்தியாக.

பனி எப்படி ஆழம் தருகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானிய வானிலையாளர் கோஷ்மீடர் 1924-இல் வகுத்தது. கரிய ஒரு பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 2 சதவீதமாகக் குறையும் தொலைவையே பார்வை எல்லை என்று எடுத்துக்கொள்கிறது அது. பார்வை எல்லை 400 மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டரில் நிற்கும் மரத்தில் 61 சதவீத வேறுபாடு மிஞ்சும். 100 மீட்டரில் 38. 200 மீட்டரில் 14. 300 மீட்டரில் 5. ஒவ்வொரு மரமும் தன் தொலைவைத் தன் கருமையிலேயே எழுதிக் காட்டுகிறது. இதற்கு நடுவில் 1 மீட்டரில் ஒரு பாறையை வைத்தால் அதில் கிட்டத்தட்ட 100 சதவீதமும் இருக்கும். கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். 61-உம் 38-உம் 14-உம் ஒன்றோடொன்று பேசவேண்டிய இடத்தில் மூன்றும் சேர்ந்து ‘வெளிறிய பின்னணி’ ஆகிவிடும். உங்கள் படத்தில் நடந்தது இதுதான்.

ஆகவே தொலைவை அருகே இழுத்துக் காட்டும் 70–200 மி.மீ. லென்ஸை மாட்டி, 100 முதல் 150 மி.மீ. வரை வைத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் இருப்பது 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும்படி நின்று, மூன்று முதல் ஐந்து அடுக்குகள் வருமாறு வெட்டுங்கள். அடுக்குகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போனால் (50, 100, 200) நிறப்படிகள் கண்ணுக்குத் தெளிவாகப் பிரியும். 100, 120, 140 என்று நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் இதற்கென்றே நட்டதுபோல் இருக்கும். சரிவில் பத்தடி ஏறியோ இறங்கியோ நின்றால் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரிந்து தெரியும்.

பனி மிக மெல்லியதாக, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தெரிகிற நாளில் உங்கள் பாறைக்கு வேலை உண்டு. அன்று பழைய விதியே சரி.

கேள்வி: பனி கண்ணுக்கு வெள்ளையாக இருக்கிறது, படத்தில் அடுப்புச் சாம்பல்போல் வருகிறது. எடிட்டிங்கில் டீஹேஸ் (மங்கலை நீக்கும் வசதி) கொடுத்தால் பனியே போய்விடுகிறது. ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை என்று படத்தின் ஒளியளவுகளைக் காட்டும் வரைபடம்) இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நிரம்பியிருக்க வேண்டும் என்பது உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: தெளிவான நாளுக்கு அது நல்ல வழிகாட்டி. மூடுபனிக்கு அல்ல. பனியில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. ஹிஸ்டோகிராமில் ஒரே ஒரு குறுகிய மேடுதான் வரும், இரண்டு ஓரமும் காலியாக இருக்கும். அதை இழுத்து நிரப்ப முயல்வதுதான் பனியைக் கொல்கிறது.

சாம்பலாக வருவதற்குக் காரணம் கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால் ஒளியைக் குறைத்துவிடும். மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் தொடங்குங்கள். சூரியன் பனிக்குப் பின்னால் இருந்து அது ஒளிரும்போது +1.3 அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். பைன் காட்டுக்குள் அடிமரங்களே பாதி ஃபிரேமை அடைத்திருந்தால் +0.3 போதும். அந்தக் குறுகிய மேடு நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் இருக்கவேண்டும், வலது சுவரைத் தொடக்கூடாது. இது ஒன்றே அளவுகோல்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். டீஹேஸைத் தொடவேண்டாம். மிக அருகில் உள்ள அடிமரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எடிட்டிங்கில் கருமையை மாற்றும் பிளாக்ஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்குங்கள். 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான அளவில் அந்த மரம் 40-இலோ 60-இலோ நின்றால் நிற்கட்டும். அடர்ந்த பனியில் அதுதான் உண்மையான கருமை. வெள்ளை 245-ஐத் தாண்டவேண்டாம். தாண்டினால் பிரிண்டில் பனிக்கும் தாளின் வெள்ளைக் கரைக்கும் வேறுபாடு இல்லாமல், படம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

இரண்டு தொல்லைகள் வெற்று வெள்ளையில் மட்டும் தலைகாட்டும். முதலாவது பேண்டிங். மெல்ல மாறும் சாம்பல், 8 பிட் ஜேபெக்கில் படிக்கட்டாக உடையும். 16 பிட்டில் எடிட் செய்து, கடைசியில் கொஞ்சம் கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் உடையாது. இரண்டாவது சென்சார் தூசி. லென்ஸின் துளை மிகச் சிறிதாகும் எஃப்/16-இல் ஒவ்வொரு தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். துளை பெரிதாகும் எஃப்/8-இல் பெரும்பாலும் மறைந்துவிடும். முன்னிருந்து பின்வரை எல்லாம் கூர்மையாக இருக்க எஃப்/16 வை என்ற விதியையும் பனியில் விட்டுவிடலாம். தொலைவில் இருப்பது எப்படியும் கூர்மையாக வராது, வரவும் வேண்டாம்.

கேள்வி: ஏரிப் படத்தில் அடிவானம் நடுவில் வரக்கூடாது என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: பனியில் ஏரியும் வானமும் ஒன்றாகக் கரைந்து, கரைமரங்களும் அவற்றின் நிழலும் மட்டும் தெரிகின்றன என்றால் கோடு நடுவிலேயே இருக்கட்டும். மேலும் கீழும் ஒரே அளவாக இருப்பதால்தான் எது மரம், எது நிழல் என்று கண் ஒரு நொடி தயங்கும். காற்று வந்து நீர் அலைந்தால் நிழல் உடையும். உடனே கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்திவிடுங்கள். அடிவானமே தெரியாதபோது கேமராவின் லெவலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். தேயிலைச் சரிவு கண்ணை ஏமாற்றும்.

கேள்வி: அப்படியானால் எல்லா விதிகளையும் மீறலாமா? மீறக்கூடாதது எதுவும் இல்லையா?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. கூட்டமான காட்சியை எளிமையாக்கவும், பொருளைப் பின்னணியிலிருந்து பிரிக்கவும், ஆழம் காட்டவும் வந்த விதிகளை மீறலாம். அந்த மூன்றையும் பனி பார்த்துக்கொள்கிறது. பனி பார்த்துக்கொள்ளாத வேலைகள் நான்கு. அவற்றில் வழக்கத்தைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

விளிம்பு முதலாவது. வெயில் படத்தில் மூலையில் எட்டிப் பார்க்கும் அரைக் கிளையை யாரும் கவனிப்பதில்லை. வெற்று வெள்ளையில் அது சட்டையில் பட்ட மசிக்கறை. ஷட்டரை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, உருவங்கள் ஒன்றோடொன்று முட்டுவது. பனி எல்லாவற்றையும் நிழலுருவமாக மாற்றிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே தொலைவில் நிற்கும் இரண்டு மரங்கள் தொட்டுக்கொண்டால் நான்கு கைகொண்ட ஏதோ ஒன்றாகத் தெரியும். பாதி அடி இடமோ வலமோ நகர்ந்து, இரண்டுக்கும் நடுவே வெள்ளை தெரியும்படி நில்லுங்கள். ஜூமைத் திருகினால் இது தீராது, கால்தான் நகரவேண்டும்.

மூன்றாவது, ஓரத்தில் வெளிச்சத் திட்டு. பனி கிழிந்து மூலையில் கொஞ்சம் வானம் பளிச்சென்று தெரிந்தால், பார்ப்பவர் கண் அதன் வழியே படத்தைவிட்டு வெளியேறிவிடும். ஒரு நிமிடம் பொறுங்கள். பனி நகரும், திட்டும் நகரும்.

நான்காவது, நிறம். சாம்பல் படத்தில் மஞ்சள் பெயர்ப்பலகையோ நீல பிளாஸ்டிக் குடமோ எவ்வளவு சிறிதானாலும் அதுதான் கதாநாயகன். வேண்டுமென்றால் அதையே பொருளாக வைத்து எடுங்கள். வேண்டாமென்றால் ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

கேள்வி: நீரோடைபோல் பனியையும் 30 விநாடி எக்ஸ்போஷரில் எடுத்தால் அழகாக வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயரத்திலிருந்து, பள்ளத்தாக்கில் கடல்போல் ஓடும் பனியைப் பார்த்து எடுத்தால் வரும். பனிக்குள்ளேயே நின்று எடுத்தால் வராது. 30 விநாடியில் அடர்த்தியும் மெலிவும் மாறி மாறி ஓடி, எல்லாம் சராசரியாகி, ஒரே மாவுப்பூச்சாக மிஞ்சும். கிளைகளும் காற்றில் ஆடிக் கலங்கும். உள்ளே இருக்கும்போது 1/125 விநாடி வைத்து, ஐஎஸ்ஓவை 400-க்கோ 800-க்கோ ஏற்றிக்கொள்ளுங்கள். எதிரொளியை வெட்டும் போலரைசர் ஃபில்டரும் அங்கே தேவையில்லை. துளிகளில் பலமுறை பட்டுச் சிதறிய ஒளியை அது அதிகம் வெட்டாது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றதுதான் மிச்சம்.

கேள்வி: ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. லென்ஸிலும் ஈரம் படிகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். அருகில் உள்ள அடிமரத்தின் ஓரத்தில் புள்ளியை வையுங்கள். பிடிக்கவில்லையென்றால் மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி நீங்களே திருகுங்கள். எதுவுமே தெரியாத நேரத்துக்கு ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: ஃபுல் ஃபிரேம் கேமராவில் 100 மி.மீ., எஃப்/8 என்றால் 42 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 21 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவுவரை சரியாக இருக்கும்.

ஈரத்துக்கு லென்ஸ் ஹூட் போடுங்கள். இரண்டு படங்களுக்கு இடையே லென்ஸைக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும். ஒன்று துடைக்க, மற்றது சட்டைக்குள் காயவைக்க. ஆபத்து உண்மையில் திரும்பும்போதுதான். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான, ஈரமான அறைக்குள் திறந்தபடி கொண்டுபோனால் உள்ளேயும் நீர் படியும். வெளியிலேயே ஜிப் உறையில் போட்டு மூடுங்கள். அறைக்கு வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறங்கள். மெமரி கார்டை உறைக்குள் போடுமுன்பே எடுத்துவிட்டால், பொறுமையிழந்து திறக்கத் தோன்றாது.

கேள்வி: மொபைலில் எடுத்தால் பனி குறைந்து தெரிகிறதே?
– வாசகர், வேலூர்

பதில்: போனில் உள்ள மென்பொருள் பனியைக் குறை என்று நினைத்துத் திருத்துகிறது. ஹெச்டிஆர், நைட் மோட், சீன் மோட் மூன்றையும் நிறுத்துங்கள். மரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுங்கள். தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம், எந்த நேரம், எங்கே போவது?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டு வகைப் பனி உண்டு, இரண்டுக்கும் படம் வேறு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து பனியாகிறது. வால்பாறை, கூடலூர்ப் பக்கம் இதற்கு ஏற்றவை. காலை, மதியம் என்ற கணக்கில்லை. ஐந்து நிமிடத்தில் வரும், ஐந்து நிமிடத்தில் போகும். இதற்குள் நின்று ஒற்றை மரம், பாதை, பைன் காடு என்று எடுக்கலாம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழந்து, குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிப் பனி படியும். மார்கழி, தையை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பிரித்த நம் முன்னோர் கணக்கு இரவின் முற்பாதி, பிற்பாதியை வைத்தது. எந்தப் பாதியில் பனி கொட்டுகிறது என்று பார்த்தே பருவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது. இந்தப் பனியை மேலிருந்து பார்க்கவேண்டும். கொழுக்குமலை அதற்குப் பேர்போனது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே ட்ரைபாட் விரித்திருக்கவேண்டும். வெயில் ஏறியதும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலைந்துவிடும். இங்கே 100 மி.மீ.-க்கு மேற்பட்ட லென்ஸில் எடுக்கும் அடுக்குகள்தான் படம்.

ஒரு எச்சரிக்கை. கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை நிற்கும். 30 மீட்டர்கூடத் தெரியாத பனியில் அவை உங்களைப் பார்ப்பதும் நீங்கள் அவற்றைப் பார்ப்பதும் மிக அருகில்தான் நடக்கும். தனியாகப் போகாதீர்கள், போகும் வழியில் தோட்டத்துக்காரர்களிடம் காலையில் எங்கே நடமாட்டம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே எந்த வளைவிலும், காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ட்ரைபாடைச் சாலையில் வைக்காதீர்கள். வண்டியை அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, பளபளக்கும் மேலுடுப்பு போட்டுக்கொண்டு, தடுப்புச் சுவருக்கு உட்புறமாகத் திரும்பி நடந்து வாருங்கள்.